மாதிரியாக நின்றவர்: கெசையா ஹெலிவெல்

ஆல்டர்பி, யார்க்‌ஷயர்
16 மே 1869, ஞாயிறு

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை பேனாவைத் தொடக் கூடாது என்று வளர்ந்தவன் நான். இன்று தொட்டிருக்கிறேன் என்றால் என் நிலைமையை நீயே ஊகித்துக்கொள்.

நேற்று அரைநாள் வேலை. உளிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மார்க்கெட் தெரு வழியாக வந்தேன். காகிதக் கடை ஜன்னல் முன்னால் முப்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். லண்டனிலிருந்து புதிதாக வந்த அச்சுப்படமாம். நானும் எட்டிப் பார்த்தேன். பெரிய மனிதர் வீட்டுக் கதவு, சாத்தியிருக்கிறது. வாசற்படியில் பனி. அந்தப் பனியில் ஒரு பெண் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் சால்வை சுற்றிய குழந்தை. அவள் முகம் உன் முகம்.

ஜாடை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை. நூற்பு ஆலையில் உன் இடது புருவத்தைக் கிழித்த தழும்பைக்கூட விடாமல் போட்டிருக்கிறார்கள்.

படத்தின் கீழே அச்சடித்திருந்ததை அப்படியே எழுதுகிறேன்: "அடைபட்ட கதவு. தீட்டியவர் திரு. செப்டிமஸ் கார்ன். வாட்டர்லூ பாலத்தருகே தெருவில் கண்டெடுக்கப்பட்ட ஓர் அபாக்கியவதியை நேரில் வைத்து வரைந்தது."

தொப்பிக் கடையில் தையல் வேலை என்றுதானே நாலு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறாய்?

ஆகஸ்டில் எனக்கும் செலினா கிராப்ட்ரீக்கும் கல்யாணம் என்று எழுதியிருந்தேன். அவள் அப்பா ஓபெத் கிராப்ட்ரீ எங்கள் சபையின் மூப்பர். அவரும் அந்தக் கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார். இன்று காலை ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். "தம்பி, உங்க அக்கா லண்டன்ல என்ன பண்றா?" என்றார். என்னால் வாய் திறக்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் சொல். அந்தப் பிள்ளை உன்னுடையதா? ஆமென்றால் நீ ஆல்டர்பிப் பக்கம் வர வேண்டாம். இல்லையென்றால் அந்தப் படியில் உனக்கு என்ன வேலை?

ஜேபஸ்


லண்டன்
19 மே 1869

ஜேபஸ்,

பிள்ளையைப் பற்றிக் கேட்டாய். அது இரண்டு ராத்தல் ரொட்டி.

சிரிக்காதே, நிஜம்தான். கார்னுக்கு மடியில் ஒரு கனம் வேண்டியிருந்தது. சமையற்காரம்மா ரொட்டியைச் சால்வையில் சுற்றிக் கொடுத்தாள். நாலாம் நாள் நான் சாப்பிடப் போயிருந்தபோது கார்னின் நாய் பிள்ளையின் தலையைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு மெத்தைத் தலையணை. முகத்தை ஒரு பொம்மையைப் பார்த்து வரைந்தார். பனி என்று நீ பார்த்தது சமையல் உப்பு. வெறுங்காலோடு ஆறு வாரம் உப்பின்மேல் உட்கார்ந்து பார், காலில் வெடிப்பு எப்படி எரியும் என்று தெரியும்.

தொப்பிக் கடை விஷயத்தில் நான் பொய் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். முதல் இரண்டு வருஷம் அங்கேதான் இருந்தேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைத்துத் தைத்து, ஊசிக்காது இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. கார்ன் வீட்டு அம்மாளுக்குத் தொப்பி கொண்டுபோன இடத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்த்து வரைய மாதிரியாக வருகிறாயா, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றார். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்கிறவர் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. மூச்சு விடுவதுகூடக் கணக்காக விட வேண்டும். விரல் மரத்துப்போகும். மூக்கு அரிக்கும். எட்டு மணி நேரம் கழித்து எழுந்தால் முழங்கால் நம் பேச்சைக் கேட்காது. நூற்பு எந்திரத்தைவிட இது சுலபம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

இன்னொன்றும் தெரிந்துகொள். முதலில் என்னைத் தலை குனிந்து, வெட்கப்பட்டுக்கொண்டு உட்காரச் சொன்னார் கார்ன். மூன்று நாள் குனிந்தேன். மூன்று நாளும் வரைந்ததைத் துணியால் துடைத்து அழித்தார். நாலாம் நாள் எனக்கு அலுத்துவிட்டது. நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தேன். தூரிகை அப்படியே நின்றது. "அசையாதே, அதுதான்" என்றார். லண்டனில் இன்றைக்கு அந்தப் படத்தின் முன்னால் கூட்டம் நெரிகிறதே, கதவையா பார்க்கிறார்கள்? உப்பையா? அந்தப் பார்வையை. அதைக் கார்ன் கற்பனை செய்யவில்லை. அது என்னிடமிருந்து வந்தது.

நான் கண்காட்சிக்குப் போய்ப் பார்த்தேன். பட்டு உடுத்திய சீமாட்டிகள் இருவர் என் பக்கத்தில் நின்று கைக்குட்டை நனைய அழுதார்கள். அந்தக் கட்டிடத்தின் வாசற்படியிலேயே என் வயசுப் பெண் ஒருத்தி நிஜப் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரன் அவளைத் தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தான். அழுத சீமாட்டிகள் அவளைத் தாண்டித்தான் வண்டியில் ஏறினார்கள். என் சால்வையை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதைச் சுற்றிக்கொண்டதும் படத்தில் இருப்பது போலவேதான் இருந்தாள், குளிர் மட்டும் அசல்.

படத்தின் கீழே இருக்கும் வரியை உன் கடிதத்தில்தான் முதன்முதலாகப் படித்தேன். என்னை யாரும் கண்டெடுக்கவில்லை. நான் தொலைந்துபோகவும் இல்லை. அதைக் கார்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன்னிடம் கேட்க வேண்டியது வேறு. உனக்கு ஒன்பது வயதிலிருந்து சோறு போட்டவளைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க உன் கை எப்படி எழுதியது? அடுத்த கடிதத்தின் முதல் வரியை யோசித்து எழுது.

கெசையா


ஆல்டர்பி
6 ஜூன் 1869

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை மன்னித்துவிடு. யோசித்துத்தான் எழுதுகிறேன், மூன்று ஞாயிறு யோசித்தேன்.

நான் உன்னை நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையை வைத்து இந்த ஊரில் என்ன செய்வது? மாமனாரிடம் ரொட்டிக் கதையைச் சொன்னேன். "ஜேபஸ், அச்சில வந்தது பொய், நீ சொல்றது நிஜமா?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கிரேவ்சன் ஆலையில் முப்பது வருஷமாக மேற்பார்வையாளராக இருப்பவர். எழுதி வைத்ததைத்தான் நம்புவார். கல்யாணத் தேதியைத் தள்ளி வைத்துவிட்டார்.

இதைவிடப் பெரிய சேதி ஒன்று. கிரேவ்சன் முதலாளி அந்த ஓவியத்தையே வாங்கிவிட்டார், அச்சுப்படத்தை அல்ல, அசலை. நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் நகர மண்டபம் செப்டம்பரில் திறக்கிறது. திறப்பு விழாவுக்குப் பெரிய ஓவியக் கண்காட்சியாம். நடுச்சுவரில் உன் படம். ஆல்டர்பி முழுக்க வந்து பார்க்கும். உன்னோடு ஆலையில் நின்றவர்கள், என்னோடு சாரத்தில் நிற்பவர்கள், எல்லோரும். முன்வாசல் தூண்களின் தலையில் கொடியும் இலையுமாகச் செதுக்குவது நான்தான் அக்கா. மேஸ்திரி மற்ற எவனுக்கும் அதைத் தரவில்லை. நான் செதுக்கிய வாசலுக்குள் நுழைந்து ஊர் உன்னைப் பார்த்து உச்சுக் கொட்டப் போகிறது.

ஒரே வழிதான் தெரிகிறது. கார்னிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பு. கெசையா ஹெலிவெல் ஒழுக்கமான பெண், என்னிடம் கௌரவமாக வேலை பார்த்தவள் என்று நாலு வரி, கீழே கையெழுத்து. மூப்பருக்கு அது போதும். சீக்கிரம் வாங்கு.

உன் தம்பி,
ஜேபஸ்


லண்டன்
21 ஜூன் 1869

ஜேபஸ்,

முதல் வரி நன்றாக இருந்தது. கடைசி வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாளே கார்னின் ஓவியக்கூடத்துக்குப் போனேன். அவருடைய படங்களை விற்றுத் தரும் தரகர் பெட்டிஃபரும் அங்கே இருந்தார். அச்சுப்படத்தை மேஜைமேல் வைத்து அந்த வரியைக் காட்டினேன். கார்னுக்குக் காது சிவந்துவிட்டது. மனிதர் நல்லவர்தான், முதுகெலும்புதான் மெழுகு. "நான் எழுதலைம்மா, அது இவரோட கைவேலை" என்று தரகர் பக்கம் கையைக் காட்டினார்.

பெட்டிஃபர் அசரவில்லை. "ஜனங்க படத்தையா வாங்கறாங்க? கண்ணீரை வாங்கறாங்க. இது சம்பளத்துக்கு உக்காந்த பொண்ணுன்னு போட்டா எவன் அழுவான்?" என்றார்.

"என்னைப் பத்தி அழறதுக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

ஒரு பட்டுக் கவுன் வாங்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அப்போதுதான் கார்ன், நீ கேட்டதை அவராகவே தர முன்வந்தார். என் ஒழுக்கத்துக்கு ஒரு நற்சான்றுக் கடிதம். பேனாவை மையில் தொட்டும்விட்டார்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஜேபஸ்.

ஊர் பூராவும் ஆயிரம் ஜன்னலில் பொய்யைத் தொங்கவிட்டுவிட்டு, உண்மையை மட்டும் மடித்து உறையில் போட்டு உன் மாமனார் சட்டைப்பைக்குள் அனுப்புவதா? நான் ஒழுக்கமானவள் என்று சொல்ல அந்த மனிதரின் கையெழுத்து எதற்கு எனக்கு? பொய் எங்கே அச்சானதோ, உண்மையும் அங்கேயே அச்சாக வேண்டும். அந்த வரியை எடு, என் பெயரைப் போடு என்றேன். பெட்டிஃபர் சிரித்தார். குதிரைப் படத்தில் குதிரையின் பெயரைப் போடுவதுண்டு, அது பந்தயத்தில் ஜெயித்த குதிரையாக இருந்தால், என்றார்.

அடுத்த படம் பாதியில் நிற்கிறது. பைபிள் காட்சி, பன்னிரண்டு பேர் நிற்க வேண்டும். நான் தெபொராள், நியாயம் தீர்க்கும் தீர்க்கதரிசினி. அந்த இடத்திலேயே தெபொராளின் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

ஆலையில் கற்றதை மறக்கவில்லை. தனியாக ஒருத்தி நின்றால் அது கோபம், பத்துப் பேர் நின்றால்தான் வேலைநிறுத்தம். மாதிரிகள் கூடும் காப்பிக்கடை ஒன்று இருக்கிறது. அங்கே எல்லோரிடமும் சொன்னேன். பஸ்குவாலே என்று ஒரு இத்தாலியக் கிழவர். லண்டனில் தொங்கும் அப்போஸ்தலர்களில் பாதி அவர்தான், இரண்டு தடவை கடவுளாகவும் இருந்திருக்கிறார். பிரிட்ஜெட் நூனன் என்று ஒரு அயர்லாந்து அம்மாள், பதினொரு படத்தில் மாதா. அந்தம்மா அச்சு வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இன்னைக்கு உனக்குப் போட்டான், நாளைக்கு எனக்கும் போடுவான்" என்றார். அவ்வளவுதான். அந்த வரி மாறும்வரை கார்ன் வீட்டுப் படியை யாரும் மிதிப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. கடவுளும் மாதாவும் என் பக்கம், தம்பி. உன் மூப்பரிடம் சொல்.

நீயும் யோசித்துப் பார். அந்த மண்டபத்தின் கல்லில் யார் பெயரெல்லாம் வெட்டப்போகிறார்கள்? மேயர் பெயர், கட்டிடக்கலைஞர் பெயர். இலையும் கொடியும் செதுக்கியவன் பெயர் எங்கே?

கெசையா


ஆல்டர்பி
27 ஜூன் 1869

அக்கா,

நாலு வரி. நாலே வரி கேட்டேன். கையில் கொடுத்த பேனாவைத் தட்டிவிட்டு வந்திருக்கிறாய்.

நீ எழுதியதெல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. உன் நியாயத்துக்கு இங்கே விலை கொடுப்பவன் நான். ஓபெத் கிராப்ட்ரீ இனி நான் அவர் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செலினாவைச் சபையில் தூரத்திலிருந்து பார்க்கிறேன். அதற்கு முன்பே அவளிடம் உன் கடிதத்தைக் காட்டியிருந்தேன். படித்துவிட்டு, "உங்க அக்கா செஞ்சதுதான் சரி" என்றாள். அவளுக்கு என்ன, சொல்லிவிடுவாள்.

என் பெயர் கல்லில் இல்லை என்று எனக்குத் தெரியாதா? எனக்கு அது வேண்டியதில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு வீடு, ஒரு மனைவி, தெருவில் தலைநிமிர்ந்து நடப்பது. உன் வீம்பினால் மூன்றும் போனது.

செப்டம்பரில் நீ இங்கே வர வேண்டாம். உன் பெயரையும் அச்சில் போட்டுவிடாதே. இப்போதைக்கு ஜாடை என்றாவது சிலரிடம் சொல்லிச் சமாளிக்கிறேன்.

ஜேபஸ்


லண்டன்
7 ஆகஸ்ட் 1869

ஜேபஸ்,

உன் கடிதத்துக்கு ஐந்து வாரம் பதில் எழுதவில்லை. கோபம் ஒரு காரணம், பசி இன்னொன்று. மாதா வீட்டில் உருளைக்கிழங்கு, கடவுள் வீட்டில் வெங்காயம் என்று பகிர்ந்து சாப்பிட்டோம். நூனன் அம்மாளின் ஒரே அறையில் நாலு பேர் படுத்தோம். மற்ற ஓவியர்கள் சிலர் எங்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். ஓரிருவர் கார்னைப் போய்த் திட்டினார்கள்.

கார்ன் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்திப் பார்த்தாராம். ஒருவனுக்கும் ஒரு மணி நேரம் நிற்கத் தெரியவில்லை. ஒரு பால்காரன் தீர்க்கதரிசியாக நின்றபடியே தூங்கி விழுந்து திரைச்சீலையைக் கிழித்துவிட்டான். நேற்றுக் காலை கார்ன் தாமே காப்பிக்கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால், "நான் செஞ்சது தப்பு, மிஸ் ஹெலிவெல்" என்றார். இரண்டு வருஷத்தில் நேற்றுத்தான் என் முழுப் பெயரைச் சொன்னார்.

பழைய வரி போய்விட்டது. இனி அடிக்கும் அச்சுப்படங்களிலும், உங்கள் ஊர்க் கண்காட்சியின் படப் பட்டியலிலும் வரப்போவது இதுதான்: "மாதிரியாக நின்றவர்: செல்வி கெசையா ஹெலிவெல், ஆல்டர்பி."

ஊர்ப் பெயரை நான்தான் சேர்க்கச் சொன்னேன். என்னை வரவேண்டாம் என்று நீ சொன்ன ஊர்தான். ஆனாலும் அது என் ஊர். அங்கே நான் வேலை பார்த்த வருஷங்களை யாரும் என்னிடமிருந்து அழித்துவிட முடியாது.

பெயரைப் போடாதே என்று எழுதியிருந்தாய். உன்னைச் சங்கடப்படுத்த வேண்டும் என்று இதைச் செய்யவில்லை. செய்ததற்காக மன்னிப்பும் கேட்கப்போவதில்லை. இனி உன்னால் ஜாடை என்று சொல்ல முடியாது. அக்கா என்று சொல், அல்லது வாய் திறக்காமல் இரு. இரண்டில் எது உனக்கு முடியுமோ அது.

செலினாவுக்கு என் அன்பு. அவளை நான் பார்த்ததில்லை, ஆனாலும் பிடித்திருக்கிறது.

கெசையா


ஆல்டர்பி
19 செப்டம்பர் 1869, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபடியும் ஞாயிறு, மறுபடியும் பேனா. இந்தத் தடவை எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை.

மண்டபம் போன வாரம் திறந்துவிட்டது. முதல் நாட்கள் பெரிய மனிதர்களுக்கு. நேற்று சனிக்கிழமை பிற்பகல் தொழிலாளிகளுக்கு. நான் போவதாகவே இல்லை. வெளியே நின்று என் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றிருந்தேன். செலினா கூட்டத்துக்குள்ளிருந்து வந்தாள். அப்பாவைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

நடுச்சுவர் முன்னால் ஆலைப் பெண்கள் சால்வையும் மரச்செருப்புமாக நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். எழுத்துத் தெரிந்த ஒருத்தி பட்டியலை உரக்கப் படித்தாள். "நாப்பத்தொண்ணு. அடைபட்ட கதவு. மாதிரியாக நின்றவர், செல்வி கெசையா ஹெலிவெல்..." அங்கே நிறுத்தி, "ஆல்டர்பி" என்றாள். நம்ம ஊரா, நம்ம ஊரா என்று ஒரு சலசலப்பு.

முன்வரிசையில் ஓபெத் கிராப்ட்ரீ இருந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தம் பட்டியலைப் பார்த்தார். "வெட்கம்கெட்டவ. பேரை வேற போட்டுக்கிட்டா. ஊர்ப் பேரையும் சேர்த்து நாறடிச்சிட்டா" என்றார்.

அப்போது நான் உன் படத்தைப் பார்த்தேன். அச்சுப்படத்தில் கறுப்புக் கோடுகள்தான். இதில் கண்ணுக்கு உயிர் இருந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும் அக்கா. அம்மாவைப் புதைத்த மறுநாள், நம் இருவரையும் ஏழைவிடுதி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். பதிவேட்டோடு நின்ற ஆள், பையனை இங்கே விட்டுவிடு, நீ ஆலைக்குப் போ என்றான். உனக்குப் பதினாலு வயது. நீ அழவில்லை, கெஞ்சவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவன்தான் கண்ணைத் தாழ்த்திப் பதிவேட்டை மூடினான். நாம் திரும்பி வந்தோம். கதவுக்கு வெளியே தள்ளப்பட்டுத் தோற்றவளின் பார்வை அது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கதவுக்குள் போகமாட்டேன் என்றவளின் பார்வை அது. எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தும் மே மாதம் உன்னிடம் அப்படிக் கேட்டேன்.

நான் பேசப் பழகாதவன். நேற்று பேசினேன்.

"அது என் அக்கா" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"தெரியும்பா. அதனாலதான் என் பொண்ணை உனக்குக் குடுக்கல" என்றார் ஓபெத்.

"குடுக்காட்டிப் போங்க. ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க. அவ மடியில இருக்கறது பிள்ளை இல்லை, ரெண்டு ராத்தல் ரொட்டி. அது பனி இல்லை, உப்பு. அந்த உப்பு மேல வெறுங்காலோட ஆறு வாரம் உக்காந்தா. நீங்க எந்திரத்துக்கிட்ட நிக்கறீங்க, நான் சாரத்துல நிக்கறேன், அவ அங்க உக்காந்தா. அவ கூலிக்கு வேலை செஞ்சா, நல்லா செஞ்சா. இந்தச் சுவர்ல இருக்கற எந்தப் படத்துக்கு முன்னாலயாவது இவ்வளவு பேர் நிக்கறீங்களா?"

ரொட்டி என்றதும் பின்னால் ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு பரவியது; அதில் கேலி இல்லை. உன்னோடு நூற்பில் நின்ற ஜெமைமா ஃபர்த் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு. "இந்தப் பார்வை எனக்குத் தெரியும். மேஸ்திரி என் முடியைப் பிடிச்சு இழுத்தப்ப கெசையா இப்படித்தான் பார்த்தா. அவன் கையை எடுத்துட்டான்" என்றாள். பார்த்தது போதும், கிளம்புங்கள், மற்றவர்களும் பார்க்கட்டும் என்று காவலாளி வந்து சொன்னான். ஒருத்தியும் நகரவில்லை. எழுத்துத் தெரிந்தவளை, உன் பெயரை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். அவள் படித்தாள். அத்தனை பேர் நடுவில் நம் பெயரைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

ஓபெத் கிராப்ட்ரீ செலினாவை வா போகலாம் என்றார். "எனக்கு இருபத்திரண்டு வயசாச்சுப்பா" என்றாள் அவள். என் முழங்கையை விடவில்லை. அவர் தனியாகத்தான் போனார். முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது, பார்க்கக் கஷ்டமாகவும் இருந்தது.

சபையில் இனி எங்களுக்குக் கல்யாணம் நடக்காது. நாளைக் காலை பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்கிறோம். அக்டோபர் 16, சனிக்கிழமை. சாட்சிக் கையெழுத்துப் போட இருவர் வேண்டும். ஒருவர் நீ. வராதே என்று எழுதிய அதே கையால் வா என்று எழுதுகிறேன்.

உன் தம்பி,
ஜேபஸ்


லண்டன்
22 செப்டம்பர் 1869

அன்புள்ள ஜேபஸ்,

உன் கடிதத்தை நூனன் அம்மாளுக்கும் பஸ்குவாலேவுக்கும் படித்துக் காட்டினேன். பஸ்குவாலே எழுந்து நின்று கை தட்டினார். நான் தட்டவில்லை. கடிதத்தை இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தேன்.

வருகிறேன். அக்டோபர் 14, வியாழன், பிற்பகல் ரயில். மூன்று நாள்தான் இருக்க முடியும். திங்கட்கிழமை தெபொராள் திரும்ப நியாயாசனத்தில் உட்கார வேண்டும். ஆல்டர்பியில் தங்கிவிடு என்று மட்டும் கேட்காதே. எனக்கு இங்கே ஒரு தொழில் இருக்கிறது, அதில் இப்போது ஒரு பெயரும் இருக்கிறது.

நீ பேசியது எனக்குப் பெருமை. இந்த வயதில் எனக்குக் கிடைத்த பெரிய பெருமை அதுதான், பட்டியலில் வந்த பெயரைவிடப் பெரிது. ஆனால் மனசில் ஒன்று உறுத்துகிறது. அதை மறைத்து வைத்துக்கொண்டு உன் கல்யாணத்தில் கையெழுத்துப் போட எனக்குப் பிடிக்கவில்லை.

அது ரொட்டி என்று சொன்னாய். சிரித்தார்கள், நம் பக்கம் வந்தார்கள். நல்லதுதான். கண்காட்சி வாசலில் என் சால்வையை வாங்கிக்கொண்டவள் மடியில் இருந்தது ரொட்டி இல்லை. அவளுக்கும் எங்கேயாவது ஒரு தம்பி இருப்பான். அது என் பிள்ளையாகவே இருந்திருந்தால், ஜேபஸ், அந்தச் சுவர் முன்னால் நீ வாய் திறந்திருப்பாயா?

கடிதத்தில் பதில் எழுத வேண்டாம். வியாழக்கிழமை முகத்தைப் பார்த்துச் சொல்.

கெசையா


ஆல்டர்பி
26 செப்டம்பர் 1869

அக்கா,

வியாழக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. இரண்டு நாளாக உளி பிடித்த கை வேலையில் இல்லை. கல்லை எதிரில் வைத்துக்கொண்டு உன் கேள்வியையே யோசித்தேன்.

மே மாதத்தில் வாய் திறந்திருக்க மாட்டேன். அது உனக்கும் தெரியும். உன்னை ஊருக்கே வராதே என்று எழுதினேன். மண்டபத்தில் அந்தச் சனிக்கிழமை? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ரொட்டி என்று சொல்லிக்கொள்ள முடிந்ததால்தான் எனக்குக் குரல் வந்ததோ என்னவோ. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் பொய் சொல்வதைவிட இது பரவாயில்லை.

இனிமேல் திறப்பேன். பிள்ளை இருந்தால் அதைத் தோளில் வைத்துக்கொண்டே திறப்பேன். செலினா பக்கத்தில் இருந்து இதைப் படிக்கிறாள். பாதி வழி உங்கள் தோளில், பாதி வழி என் தோளில் என்று எழுதச் சொல்கிறாள்.

நீ வரும் நேரம் கிரேவ்சன் ஆலையில் ஷிஃப்ட் விடும் நேரம். ஸ்டேஷனுக்குப் பின்னால் சந்து ஒன்று இருக்கிறது, யார் கண்ணிலும் படாமல் எங்கள் தெருவுக்கு வந்துவிடலாம். அந்த வழியாக நாம் போகப்போவதில்லை. நானும் செலினாவும் ஸ்டேஷன் முன்வாசலில் நிற்போம். மார்க்கெட் தெருவின் நடுவில், ஊர் பார்க்க, மூன்று பேரும் நடந்து வீட்டுக்குப் போவோம்.

உன் தம்பி,
ஜேபஸ் ஹெலிவெல்